ஒரே கணினி, பல அறைகள்

வானொலி நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "பக்கத்து அறையில் செய்தி வாசிக்கிறார்கள், இந்த அறையில் பாட்டு ஓடுகிறது. ஒன்று மற்றொன்றில் கேட்காதா?" கேட்காது. ஒவ்வோர் ஒலிக்கூடத்துக்கும் தனிச் சுவர், கனமான கதவு, தனி மைக் இருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு உலகமே அந்த ஓர் அறைதான். ஆனால் மின்சாரம், குளிரூட்டி, மின்தூக்கி எல்லாம் கட்டடத்துக்குப் பொது. கட்டடத்தில் மின்சாரம் போனால் எல்லா ஒலிக்கூடங்களும் ஒன்றாக இருண்டுவிடும்.

கணினி உலகில் 'கன்டெய்னர்', அதாவது கொள்கலன், என்று சொல்லப்படும் தொழில்நுட்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே கணினி, ஒரே இயங்குதளம், அதற்குள் தனித்தனி அறைகள். ஓர் அறையில் நடப்பது அடுத்த அறைக்குத் தெரியாது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் இணையச் சேவைகளில் பல இப்படிப்பட்ட அறைகளுக்குள்தான் ஓடுகின்றன. வாரத்துக்கு 2 பில்லியனுக்கும் அதிகமான கொள்கலன்களைத் தொடங்குவதாக கூகல் நிறுவனம் 2014ஆம் ஆண்டிலேயே சொன்னது.

தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை தேடும் இளையர்கள் இந்தச் சொல்லை நேர்முகத் தேர்வில் கட்டாயம் சந்திப்பார்கள். வீட்டில் ஒரே மடிக்கணினியைப் பலர் பகிரும் குடும்பங்களுக்கும் இதில் பயன் உண்டு. இந்தச் சுவர் எதைப் பிரிக்கும், எதைப் பிரிக்காது என்பது இரு தரப்பினருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் குடும்பத்திலேயே பார்த்துவிட்டோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் கணினியில் ஓடுகிறதே!

ஒரு மென்பொருள் தனியாக ஓடுவதில்லை. அதற்குத் துணையாகப் பல சிறு மென்பொருள்கள் வேண்டும். சமையலுக்கு அடுப்பு இருந்தால் மட்டும் போதாது, எண்ணெய், உப்பு, புளி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் அல்லவா? அதுபோலத்தான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரு மென்பொருள் பழைய துணையைக் கேட்கும், இன்னொன்று புதியதைக் கேட்கும். பைத்தான் 2 மொழிக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியுடன் முடிந்தது. அதற்குப் பிறகும் அதில் எழுதப்பட்ட நிரல்களை வைத்திருந்தவர்கள் பலர். பழையதையும் புதியதையும் ஒரே கணினியில் வைத்துக்கொண்டு அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இதனால்தான் நிரலாளர்களிடையே ஒரு புகழ்பெற்ற சமாளிப்பு உண்டு: "என் கணினியில் ஓடுகிறதே!" எழுதியவரின் கணினியில் ஓடும். வாடிக்கையாளரின் கணினியில் ஓடாது. யார்மீதும் குற்றம் சொல்லவும் முடியாது, ஏனென்றால் இரண்டு கணினிகளும் ஒன்றல்ல.

இதற்கு முதலில் பரவலான தீர்வு மெய்நிகர் கணினி. ஒரு கணினிக்குள் இன்னொரு முழுக் கணினி இருப்பதுபோல் மென்பொருள் பாவனை செய்யும். அதற்குள் தனி இயங்குதளத்தை நிறுவ வேண்டும். பிரிவு மிக உறுதியானது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பல கிகாபைட் இடம், தனியாக ஒதுக்கப்பட்ட நினைவகம், தொடங்குவதற்குக் காத்திருப்பு எல்லாம் தேவை. ஓர் ஒலிக்கூடம் வேண்டும் என்பதற்காகப் புதுக் கட்டடமே எழுப்புவது மாதிரி.

கொள்கலன் அந்தப் புதுக் கட்டடத்தை எழுப்புவதில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு 'கெர்னல்' என்று பெயர். நினைவகத்தை யாருக்கு எவ்வளவு தருவது, எந்த நிரல் எப்போது ஓடுவது, கோப்புகளை யார் திறக்கலாம் என்று தீர்மானிக்கும் கட்டட நிர்வாகி அதுதான். ஒரே கணினியில் உள்ள எல்லாக் கொள்கலன்களும் ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால்தான் அவை இவ்வளவு இலேசாக இருக்கின்றன. கொள்கலன்களுக்கு அடித்தளமாகப் பலர் பயன்படுத்தும் 'ஆல்பைன் லினக்ஸ்' தொகுப்பின் அளவு சுமார் 5 மெகாபைட். திறன்பேசியில் எடுக்கும் ஒரு படத்தின் அளவுதான். கொள்கலன் தொடங்கவும் வழக்கமாக ஓரிரு விநாடி போதும்.

சுவரை எழுப்புவது எப்படி?

லினக்ஸ் கெர்னல் இரண்டு வேலைகளைச் செய்து இந்தச் சுவரை எழுப்புகிறது.

முதலாவது, உள்ளே இருப்பவர் எதைப் பார்க்கலாம் என்று வரையறுப்பது. இதற்கு 'நேம்ஸ்பேஸ்' என்று பெயர். கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண் உண்டு. கொள்கலனுக்குள் முதலில் தொடங்கும் நிரல், தன் எண் 1 என்று நினைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அதே நிரலின் எண் 4812 என்று இருக்கலாம். தனக்கென்று கோப்பு அடுக்கு, தனக்கென்று கணினிப் பெயர், தனக்கென்று கட்டமைப்பு முகவரி. பக்கத்து அறை ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

இரண்டாவது, உள்ளே இருப்பவர் எவ்வளவு பயன்படுத்தலாம் என்று வரையறுப்பது. இது 'சிகுரூப்' எனப்படும். ஒரு கொள்கலனுக்கு 512 மெகாபைட் நினைவகம் என்று எல்லை வைத்துவிட்டால், அதைத் தாண்டி அது கேட்கும்போது கெர்னல் அந்தக் கொள்கலனுக்குள் இருக்கும் நிரலை நிறுத்திவிடும். மற்றக் கொள்கலன்களின் பங்கில் அது கைவைக்க முடியாது. கேட்காமல் விட்டால் எல்லை இருக்காது, நாம்தான் வைக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கொள்கலனைத் தொடங்கத் தேவையான கோப்புகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பை 'இமேஜ்' என்பார்கள். அது அடுக்கடுக்காக இருக்கும், யாரும் அதை மாற்ற முடியாது. கொள்கலன் ஓடத் தொடங்கும்போது அதன்மேல் எழுதக்கூடிய ஒரு மெல்லிய தாள் விரிக்கப்படுகிறது. கொள்கலன் எழுதுவதெல்லாம் அந்தத் தாளில்தான் போகும். ஒரே இமேஜிலிருந்து பத்துக் கொள்கலன்களைத் தொடங்கினாலும் அடியில் உள்ள அடுக்குகள் ஒரு முறைதான் சேமிக்கப்படும். கொள்கலனை நீக்கினால் அந்த மேல் தாளும் சேர்ந்து போய்விடும். இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள்.

தஞ்சோங் பகாரிலிருந்து ஒரு பாடம்

இந்த யோசனை புதிதல்ல. 1979இல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் 'சிஎச்ரூட்' என்ற ஒரு சிறு வசதி வந்தது. ஒரு நிரலுக்குக் குறிப்பிட்ட கோப்புறையை மட்டும் காட்டி, இதுதான் முழு உலகம் என்று சொல்லிவிடும். 2000இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் 'ஜெயில்' என்ற பெயரில் இதை இன்னும் இறுக்கமாக்கியது. சோலாரிஸ் இயங்குதளத்தில் அது 'ஸோன்' ஆனது. 2006இல் கூகல் பொறியாளர்கள் தொடங்கிய சிகுரூப் பணி, 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்றது. அதே ஆண்டில் 'எல்எக்ஸ்சி' என்ற கருவி லினக்ஸில் கொள்கலன்களை உருவாக்க வழிசெய்தது.

ஆனால் கொள்கலன் என்ற சொல் எல்லா நிரலாளர்களின் வாயிலும் புழங்கத் தொடங்கியது 2013இல்தான். அந்த ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் நடந்த பைத்தான் நிரலாளர் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் ஐந்து நிமிடப் பேச்சில் 'டாக்கர்' என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். சுவர் எழுப்பும் வித்தை ஏற்கெனவே கெர்னலில் இருந்தது. டாக்கர் கொண்டுவந்தது பெட்டி. எந்தக் கணினியில் கட்டினாலும் வேறொரு கணினியில் அப்படியே இறக்கி ஓடவைக்கக்கூடிய, ஒரே மாதிரியான பெட்டி.

சிங்கப்பூர்வாசிகளுக்கு இதன் அருமை எளிதில் புரியும். 1956 ஏப்ரல் 26ஆம் தேதி, 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 கொள்கலன்களுடன் அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ஹியூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதற்கு முன் மூட்டையாகவும் பீப்பாயாகவும் கட்டாகவும் வந்த சரக்கை ஆள்பலத்தால் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. ஒரே அளவுப் பெட்டி வந்த பிறகு, உள்ளே என்ன இருக்கிறது என்று பாரந்தூக்கி கவலைப்படத் தேவையில்லாமல் போனது. 1972 ஜூன் 23ஆம் தேதி, 'எம்வி நிஹோன்' கப்பல் 300 கொள்கலன்களுடன் நம் தஞ்சோங் பகார் முனையத்தில் வந்து நின்றது. அன்று தொடங்கிய பயணம்தான் இன்று துவாஸ் வரை வந்திருக்கிறது.

டாக்கரின் சின்னம் முதுகில் கொள்கலன்களைச் சுமக்கும் திமிங்கிலம். ஆயிரக்கணக்கான கொள்கலன்களை நிர்வகிக்க கூகல் 2014இல் வெளியிட்ட மென்பொருளின் பெயர் 'கூபர்நெட்டீஸ்'. கிரேக்க மொழியில் கப்பலின் சுக்கானைப் பிடிப்பவர் என்று பொருள். 2015இல் பல நிறுவனங்கள் ஒன்றுகூடிப் பெட்டியின் அளவுக்குப் பொதுத் தரம் வகுக்கும் அமைப்பைத் தொடங்கின. துறைமுகக் கதை கணினிக்குள் அப்படியே மறுபடி நடந்திருக்கிறது.

அக்கா வீட்டு மடிக்கணினி

இப்போது எங்கள் குடும்பக் கதைக்கு வருகிறேன்.

என் அக்கா வீட்டிலிருந்தபடியே பலகாரம் செய்து விற்கிறார். தீபாவளிக்கு முன் இரண்டு மாதங்கள் அவர் வீட்டில் முறுக்கு வாசனையும் வாட்ஸ்அப் ஒலியும் ஓயாது. யாருக்கு எத்தனை போத்தல், யார் முன்பணம் கொடுத்தார்கள் என்ற கணக்கெல்லாம் மடிக்கணினியில் ஓர் எக்செல் கோப்பில் இருக்கிறது. அதே மடிக்கணினியில்தான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அவர் மகன் தன் பாட வேலைகளைச் செய்கிறான்.

"கண்டதையும் போட்டு என் கணக்கைக் கெடுத்துடாதே" என்பது அக்காவின் நிரந்தர எச்சரிக்கை. அவன் டாக்கரைக் கற்றுக்கொண்டதற்குப் பாதிக் காரணம் அந்த எச்சரிக்கைதான். வலைச் சேவை, பழைய பைத்தான், புதிய பைத்தான் என்று எதை முயன்றாலும் ஒரு கொள்கலனுக்குள் முயல்வான். கெட்டுப்போனால் கொள்கலனை நீக்கிவிட்டு அடுத்த நிமிடம் புதிதாகத் தொடங்குவான். அம்மாவின் கோப்புறை கொள்கலனுக்குத் தெரியவே தெரியாது.

கடந்த ஆண்டு நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு குழுத் திட்டம் செய்தார்கள். உணவங்காடி நிலையங்களில் சைவ உணவு எங்கெங்கே கிடைக்கும் என்று காட்டும் இணையப் பக்கம். மூன்று வாரம் கடைகடையாகப் போய்த் தகவல் சேகரித்துப் பதிவு செய்தார்கள். அந்தத் தகவல் எல்லாம் ஒரு தரவுக் கோப்பாக, கொள்கலனுக்குள்ளேயே இருந்தது. ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது பக்கம் திடீரென்று திணறியது. வழக்கம்போல் அவன் கொள்கலனை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினான். பக்கம் அழகாகத் திறந்தது. உள்ளே ஒரு கடைகூட இல்லை.

அன்றிரவு எனக்குத் தொலைபேசி வந்தது. "சித்தி, எல்லாம் போச்சு" என்றான். பின்னணியில் அக்காவின் குரல்: "என் கணக்கு இருக்கா, பாருடா!"

அக்காவின் கணக்கு ஒரு வெள்ளிகூடப் பிசகாமல் இருந்தது. நிரலும் பத்திரமாக இருந்தது, அதை அவர்கள் கிட்ஹப்பில் வைத்திருந்தார்கள். போனது மேல் தாள் மட்டும். ஆனால் மூன்று வார உழைப்பு அந்தத் தாளில்தான் எழுதப்பட்டிருந்தது. கொள்கலன் தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்தது. அக்காவின் கோப்பைக் காத்ததும் அந்தச் சுவர்தான், மாணவர்களின் தரவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு போனதும் அந்தச் சுவர்தான்.

நல்லவேளையாக நால்வரிடமும் கைக்குறிப்புகளும் திறன்பேசிப் படங்களும் இருந்தன. அக்காவின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, விடிய விடியப் பெரும்பகுதியை மறுபடி பதிவு செய்தார்கள். இந்த முறை தரவுக் கோப்பைக் கொள்கலனுக்கு வெளியே வைத்தார்கள். இதற்கு 'வால்யூம்' என்று ஒரு வசதி இருக்கிறது. கொள்கலன் போனாலும் வால்யூம் தங்கும். அடுத்து வரும் கொள்கலன் அதை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வெளியே இருக்கும் கோப்புறையைக் கொள்கலனுக்குள் இணைக்க முடியும் என்றால், அம்மாவின் கோப்புறையையும் இணைக்க முடியும். அப்படி இணைத்துவிட்டால் அந்த இடத்தில் சுவரில் ஒரு கதவு திறந்துவிட்டது என்று பொருள். கொள்கலனுக்குள் நடக்கும் அழிப்பு அம்மாவின் கோப்பையும் தொடும்.

சுவர் எவ்வளவு தடிமன்?

கொள்கலனுக்குள் இருந்தால் எந்த ஆபத்தும் வராது என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. எல்லா அறைகளுக்கும் நிர்வாகி ஒருவரே. அந்த கெர்னலில் ஓட்டை இருந்தால், ஓர் அறையில் புகுந்தவர் முழுக் கட்டடத்தின் சாவியையும் எடுத்துவிடலாம்.

2019 பிப்ரவரியில், டாக்கர் உட்படப் பல கருவிகள் கொள்கலனைத் தொடங்கப் பயன்படுத்தும் 'ரன்சி' என்ற மென்பொருளில் ஒரு குறை வெளியானது. தீய நோக்கத்துடன் தயாரிக்கப்பட்ட கொள்கலன் ஒன்று, வெளியே இருக்கும் ரன்சி கோப்பையே மாற்றி எழுதி, கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது வழிவிட்டது. குறை உடனே சரிசெய்யப்பட்டது. ஆனால் புதுப்பிப்பை நிறுவியவர்களுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு.

முன்பின் தெரியாதவர்களின் நிரல்களை ஒரே கணினியில் ஓட்டும் நிறுவனங்கள் இதை அறிந்தே செயல்படுகின்றன. அமேசான் 2018இல் வெளியிட்ட 'ஃபயர்கிராக்கர்', ஒவ்வொருவருக்கும் மிகச் சிறிய மெய்நிகர் கணினி ஒன்றைத் தருகிறது. கூகல் அதே ஆண்டு வெளியிட்ட 'ஜிவைசர்', கொள்கலனுக்கும் கெர்னலுக்கும் இடையில் இன்னொரு காவலரை நிறுத்துகிறது. வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சுவரைத் தடிமனாக்குகிறார்கள்.

விண்டோஸ் அல்லது மேக் கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் இங்கே பேசுவது லினக்ஸ் கொள்கலன்கள், அவற்றுக்கு லினக்ஸ் கெர்னல் தேவை. ஆகவே இந்தக் கணினிகளில் டாக்கர் ஓடும்போது அடியில் ஒரு சிறிய லினக்ஸ் மெய்நிகர் கணினி ஓடுகிறது. 8 கிகாபைட் நினைவகம் உள்ள மடிக்கணினி திணறினால் அதுதான் காரணமாக இருக்கலாம். டாக்கரை மூடிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

செலவு எதுவும் இல்லை. 'டாக்கர் டெஸ்க்டாப்' தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் இலவசம். பெரிய நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதால், அலுவலகக் கணினியில் நிறுவுமுன் மேலதிகாரியைக் கேட்டுவிடுங்கள். 'பாட்மேன்' என்பது திறந்த மூலக் கருவி, டாக்கரில் கற்ற கட்டளைகளில் பெரும்பாலானவை அதிலும் செல்லும். வீட்டில் பழைய மடிக்கணினி தூங்கிக்கொண்டிருந்தால் அதில் லினக்ஸ் நிறுவி எல்எக்ஸ்சி பழகலாம். டாக்கர் கொள்கலன் வழக்கமாக ஒரே ஒரு வேலைக்கு என்று இருக்கும். எல்எக்ஸ்சி கொள்கலன் ஒரு சிறு கணினி மாதிரியே நடந்துகொள்ளும். உள்ளே நுழைந்து மென்பொருள் நிறுவலாம், பயனர்களைச் சேர்க்கலாம், நாள்கணக்கில் ஓடவிடலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான்கு பழக்கங்கள் வேண்டும்.

ஒன்று, கொள்கலனை நீக்குமுன் கேளுங்கள்: இதற்குள் மட்டுமே இருக்கும் தரவு ஏதாவது உண்டா? இருந்தால் முதலில் வெளியே எடுங்கள்.

இரண்டு, வால்யூம் என்பது மறுபிரதி ஆகாது. மடிக்கணினி பழுதானால் வால்யூமும் சேர்ந்து போகும். வேறோர் இடத்தில் ஒரு பிரதி வைத்திருங்கள்.

மூன்று, இமேஜ் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மென்பொருளை உருவாக்கியவர்களே வெளியிட்ட அதிகாரபூர்வ இமேஜைத் தேர்ந்தெடுங்கள். பெயர் தெரியாத ஒருவரின் இமேஜை ஓட்டுவது, பெயர் தெரியாத ஒருவரை வீட்டு அறையில் தங்கவைப்பது போன்றது.

நான்கு, எல்லைகளை நீங்களே வையுங்கள். எவ்வளவு நினைவகம், எந்தக் கோப்புறை என்று எழுதிக் கொடுங்கள். முழு அதிகாரம் கேட்கும் கொள்கலனுக்குக் காரணம் தெரியாமல் அனுமதி தராதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வீட்டுக் கணினியைப் பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. ஆனால் கெடுத்துப் பார்க்காமல் யாரும் கணினியைக் கற்றுக்கொண்டதில்லை. கெடுத்துப் பார்க்க அவர்களுக்கு ஓர் அறை கொடுங்கள். உங்கள் கோப்புகளுக்கு வெளி வன்தட்டில் ஒரு பிரதி எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

அக்கா மகனின் குழு தங்கள் கொள்கலனை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பை 'டாக்கர்ஃபைல்' என்ற பன்னிரண்டு வரிக் கோப்பில் எழுதி வைத்திருந்தது. ஒப்படைக்கும் நாளில் விரிவுரையாளர் அந்தக் கோப்பை வைத்துத் தம் கணினியிலேயே கொள்கலனைக் கட்டினார், மாணவர்கள் தனியாகக் கொண்டுவந்த தரவுக் கோப்பை இணைத்தார். பக்கம் திறந்தது, கடைகள் எல்லாம் இருந்தன. "என் கணினியில் ஓடுகிறதே" என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.